வேலிக்கு அந்தப் பக்கம் பழுத்த பலா

சித்திரபானு வருஷம், ஆனி 9.

எங்கள் பலாமரத்தின் வேர் வேலிக்கு அடியில் ஓடி, பக்கத்து வீட்டுச் செல்லம்மாவின் கொல்லையில் மண்ணைப் பிளந்து காய்த்திருந்தது. இன்று பழவாசனை வந்ததும் மண்வெட்டியோடு போனேன். "மரம் என்னுது, பழமும் என்னுதுதான்" என்று சத்தம் போட்டேன். நரி தின்னாமல் இருக்க அவள் அதை முள்ளால் மூடி வைத்திருந்தாள். பேறுகாலத்துக்கு வந்திருக்கும் அவள் மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். செல்லம்மாவே முள்ளை விலக்கி, "எடுத்துக்கங்க அண்ணே" என்றாள்.

விவரம் கேட்ட என் மனைவி பழத்தைத் தொடவே இல்லை. சாயங்காலம் பாதியை அறுத்து நானே கொண்டுபோனேன். செல்லம்மா வாங்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை.

"அந்த வேருக்குத் தெனமும் தண்ணி ஊத்துவேன். இனிமே ஊத்தவா, வேணாமாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

உடம்பே கூசிப்போனது. பாதிப் பழத்தோடு திரும்பி வந்துவிட்டேன்.