கோப்பியின் படம்

3, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. இந்தக் கிள்ளான் வாடகை வீட்டை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். அவர் இறந்துபோன பிறகு தனியாக எதற்கு என்று மகன் சரவணன் சுபாங் ஜெயாவுக்கே வந்துவிடச் சொல்லிவிட்டான். அங்கே கொண்டோ, அடுக்குமாடி. நாய்க்கு அனுமதி இல்லை.

கோப்பியை யாருக்காவது கொடுக்க வேண்டும். அவர் வளர்த்த நாய். அவர் ஓட்டிய லோரிக்கு அடியில் குட்டியாகக் கிடந்ததை மடியில் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். பால் ஊற்றாத கோப்பி நிறம் என்று பெயரும் அவரே வைத்தார்.

மருமகள் தேவி போனில்: "நல்ல படமா எடுத்து அனுப்புங்க அத்தை. படம் நல்லா இருந்தாதான் யாராச்சும் கேப்பாங்க. பிளாஷ் போடாதீங்க. நின்னுக்கிட்டு எடுக்காதீங்க, அது கண்ணு உயரத்துக்குக் கீழ உக்காருங்க."

கோப்பிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று பின்பக்கம் போய்ப் பேசினேன்.

4, செவ்வாய்

வெயில். எடுத்ததெல்லாம் வீண். ஹாலில் எடுத்தால் கரித்துணி. வாசல் கதவில் எடுத்தால் பின்னால் வெளிச்சம், முகமே இல்லை. தரையில் உட்கார்ந்தேன், முட்டி வலி. விளையாடத்தான் உட்கார்ந்தேன் என்று ஓடி வந்து போனை நக்கியது. ஒரு படம் முழுக்க நாக்கு.

பிஸ்கட்டைப் போனுக்கு மேலே பிடித்தேன். காதைத் தூக்கி நிமிர்ந்து பார்த்தது. அப்படி ஒரு பார்வை. அழகாக வந்திருக்கும். படம் அழகாக வந்தால் கோப்பி போய்விடுமே. கையை ஆட்டிவிட்டேன். வேண்டுமென்றேதான்.

வாங்க: அரிசி, நாய் பிஸ்கட், முட்டிக்குத் தைலம்.

7, வெள்ளி

தேவி மறுபடியும் கேட்டுவிட்டாள். இனிச் சாக்கு இல்லை.

பக்கத்து வீட்டு சுசீலாக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "கறுப்பு நாய்க்கு மூஞ்சி எங்க தெரியும்? ஒரு பொட்டு வச்சு விடு லா, எடுப்பா இருக்கும்."

அவர் படத்துக்குப் போட்டதில் மிச்சம் கொஞ்சம் சாமந்திச் சரம். கோப்பி கழுத்தில் கட்டினேன். நெற்றியில் திருநீறு, நடுவில் குங்குமம். சமையல்கட்டு ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும் இடத்தில் உட்கார வைத்தேன். பின்னால் வெறும் சுவர். அசையவில்லை. கண் இரண்டும் பளிச்சென்று வந்தது. மோவாயில் நரைமுடி. எப்போது நரைத்தது? தினமும் சோறு வைத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கீழே எழுதினேன்: "எங்கள் கோப்பி. நல்ல பிள்ளை. யாரையும் கடித்தது இல்லை. நல்ல இடத்துக்குப் போக வேண்டும்."

8, சனி

விடிந்து பார்த்தால் குரூப் முழுக்கக் கும்பிடும் கைகள். "ஆத்மா சாந்தியடையட்டும்." "மாமா கூப்பிட்டுக்கிட்டார் போல." செந்தூலில் இருக்கும் கொழுந்தன்: "அண்ணனுக்குத் துணையாப் போயிட்டான் அண்ணி. மனசத் தேத்திக்குங்க."

பூ, பொட்டு, நல்ல இடம். எல்லாம் நான் செய்தது. உயிரோடு உள்ளதைக் கொன்றுவிட்டேன். ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தேன். தும்மியது.

குரூப்பில் திருத்தி எழுதுவதற்குள் சரவணன் போன். "அம்மா" என்றான். பிறகு அழுகை. "அப்பா மாதிரியே சொல்லாம கொள்ளாம போயிட்டானேம்மா. நான்தான் கொடுத்துடச் சொன்னேன், அது தெரிஞ்சுபோச்சு அவனுக்கு."

அவர் காரியத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவன். ஒரு சொட்டு விடவில்லை. நான் ஒருத்திதான் அழுதேன். இப்போது அழுகிறான். சாகலப்பா என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. நானும் சேர்ந்து அழுதேன். பெற்ற பிள்ளையை ஏமாற்றி அழவைத்த பாவி.

அந்த நேரம் பார்த்துப் பழைய பேப்பர் லோரி, ஒலிபெருக்கியோடு. கோப்பி வாசலுக்கு ஓடி அதைத் திட்டித் தீர்த்தது.

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

"அம்மா, குரைக்கிறது யாரு?"

"கோப்பிதான்."

"செத்துட்டான்னு போட்டீங்களே?"

"நான் அப்படி எழுதலய்யா."

"அப்ப இவ்ளோ நேரம் நான் அழுதது?"

போனை வைத்துவிட்டான்.

9, ஞாயிறு

காலையிலேயே சரவணன் வந்தான். தனியாக. என்னிடம் முகம் கொடுக்கவில்லை. நேரே தரையில் உட்கார்ந்தான். கோப்பி மேலே ஏறி முகமெல்லாம் நக்கியது. நல்ல சட்டை. தள்ளிவிடவில்லை.

குரூப்பில் அவனே எழுதினான்: "கோப்பி உயிரோட இருக்கான். யாருக்கும் கொடுக்கறதா இல்ல."

"கொண்டோவுல விடமாட்டாங்களேப்பா."

"தெரியும். வீட்டுக்கார ஆன்டி நம்பர் இருக்கா? காலி பண்ணலன்னு சொல்லணும்."

கொடுத்தேன். மன்னிச்சிடுப்பா என்று சொல்லத்தான் பக்கத்தில் போனேன். "தோசை ஊத்தட்டுமா" என்று வந்தது.

"ஊத்துங்க" என்றான், என்னைப் பார்க்காமல். "இவனுக்கும்."