பானை ஓட்டில் இருந்த பெயர்

டிரெஸ்டன்,
18-11-1974.

அன்புள்ள வத்சலாவுக்கு,

நலம். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. உன் இருமல் குறைந்ததா? சாந்தா அழாமல் பள்ளிக்குப் போகிறாளா?

உன் கடிதம் நேற்று வந்தது. லீவில் மதுரைக்கு வந்த என் அறைத்தோழன் அசோகன் உன்னைப் பார்த்தானாம். "கருத்தரங்குல நல்லாப் பேசினீங்களாமே, சந்தோஷம்" என்று எழுதியிருந்தாய். நான் என்ன பேசினேன் என்பதையும் அவன் சொல்லியிருப்பான். நீ ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நானே சொல்லிவிடுகிறேன். வைகைக்கரை மேட்டில் நாம் தோண்டியெடுத்த பானை ஓட்டில் இருப்பது ஒரு பாண்டிய அரசனின் பெயர் என்று இரண்டு வருடம் சாதித்தவன் நான். அதில் முதல் எழுத்து எழுத்தே அல்ல, வெறும் விரிசல்; மிச்சம் 'சாத்தி' என்ற பெண்ணின் பெயர், தண்ணீர்ப் பானை மாறிப்போகாமல் அவளே கீறியிருப்பாள் என்று படம் வரைந்து அனுப்பியவள் நீ. அதைத்தான் மேடையில் வாசித்தேன். முற்காலப் பாண்டியர் ஆட்சியில் சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கும் எழுத்து தெரிந்திருக்கலாம் என்றதும் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். இங்கே கைதட்டல் அப்படித்தான். ஒருவர் எழுந்து, இப்படி முதலில் வாசித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

இன்று காலை பேராசிரியரிடம் உண்மையைச் சொல்லி, கட்டுரையை அச்சுக்கு அனுப்ப வேண்டாம் என்றேன். யார் அந்தப் பெண் என்றார். என் மனைவி என்றதும் சிரித்துவிட்டார். "அப்புறம் என்ன, பெருமை வீட்டுக்குள்ளேதானே இருக்கிறது!" என்றார். மேடையில் நானும் அதையேதான் நினைத்தேன், வத்சலா. அவர் வாயால் கேட்டபோது உடம்பு கூசிவிட்டது.

நான் விடவில்லை. அவர் சிரிப்பு நின்றது. கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மார்ச்சில் முடியும் உதவித்தொகையை நீட்டிக்க இனி எனக்காகப் பரிந்துரை எழுதுவது கஷ்டம் என்றும் சொல்லிவிட்டார். பட்டம் இல்லாமலே அப்போது திரும்ப வேண்டியிருக்கும். அப்பாவுக்குக் காரணத்தை நானே எழுதுகிறேன். நீ எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.

கட்டுரையை உன் பெயரில் மாற்றி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்து. என் பெயர் அதில் எங்காவது இருக்கலாமா என்பதையும் நீயே முடிவு செய்.

வரும் தேதி தெரிந்ததும் எழுதுகிறேன். ஸ்டேஷனுக்கு வா என்று உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை. சாந்தாவையாவது யாரோடாவது அனுப்பிவை.

தலைகுனிந்து,
சிதம்பரம்