லாபம் என்கிற ஒன்று

சேரன்மகாதேவி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் சங்கருக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் அனுராதாவும் டப்ளின் குளிரில் சளி பிடிக்காமல் நன்றாக இருக்க நெல்லையப்பர் துணை. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆற்றில் இறங்கிக் குளிக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதை மட்டும் கேட்க மாட்டேன் என்கிறார். கால்வாயில் தண்ணீர் வந்து நடவு தொடங்கிவிட்டதால் நம்மிடம் வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வயலில் நிற்கிறார்கள். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே விழுவாய், அதனால்தான் கடிதம், முழுக்கப் படி.

நம் முந்திரிக்கொத்துக் கம்பெனி ஏன் நட்டத்தில் ஓடுகிறது என்று நீ எழுதி அனுப்பியதை எல்லாம் படித்தேன். வறுத்து அரைத்துப் பாகில் உருட்டுகிற பயறுக்கும் விற்கிற கொத்துக்கும் கணக்கு ஒட்டவில்லை, எங்கேயோ சரக்கு ஒழுகுகிறது என்றாய். அது சரிதான், கெட்டிக்காரன்தான். ஆனால் ஏரலில் இருந்து வாக்கப்பட்டு வந்த ஷமீம் பேக்கிங்குக்குச் சேர்ந்த பிறகுதான் இது, அவள்தான் எடுக்கிறாள், குமரகுருபரன் அண்ணாச்சியே சொல்லுகிறார், அவளை நிறுத்து, இல்லையென்றால் அவர் கேட்கிற விலைக்குக் கம்பெனியைத் தள்ளிவிடு என்று முடித்தாயே, அதைப் படித்து எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த பாகு முறுகிப்போனது. அவர் டவுனில் நம் சரக்கை வாங்கி விற்கிற ஏஜென்ட், நம் பேக்கிங் அறை வாசலைக்கூட மிதித்தது கிடையாது. அவர் சொன்னால் வேதவாக்கா? நான் யாரையும் நிறுத்த மாட்டேன், கம்பெனியையும் கொடுக்க மாட்டேன். உடனே போய் ஷமீம் பக்கத்தில் நானும் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தேன்.

நாம் எண்ணும்போது ஒன்று என்று தொடங்குகிற வழக்கம் இல்லையே, முதல் கையை லாபம் என்போம், அடுத்தது இரண்டு, நீயும் அப்படி எண்ணி வளர்ந்தவன்தான். ஒரு கைக்கு நாலு கொத்து, இருபத்தைந்து கை போட்டால் நூறு, பெட்டியை மூட வேண்டியது. அவளும் பைய லாபம் என்று சொல்லி ஒரு கை போட்டாள். எனக்கு அதைக் கேட்கவே நிறைவாக இருந்தது. அடுத்த கையைப் போட்டாள் பார், ஒண்ணு என்றாள். அப்புறம் ரெண்டு, மூணு. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என்ன பிள்ளை இது என்று கேட்டால், "நாங்க பிஸ்மி சொல்லித் தொடங்குவோம்லாம்மா, அது மாதிரி நீங்க லாபம் சொல்லுதியன்னுல்லா நெனச்சேன்" என்கிறாள். லாபம், இரண்டு என்று படியில் அளப்பதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் தராசில் வாங்கிப் பழகிய பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு வேலை பழக்கிய காந்திமதியைக் கூப்பிட்டுக் கேட்டால், "லாபம்னா ஒண்ணுதான மதினி, இதையும் போயி யாராவது சொல்லிக் குடுப்பாவளா" என்று என்னிடமே சண்டைக்கு வருகிறாள். அவள் இருபத்தைந்து என்று முடிக்கும்போது இருபத்தாறு கை விழுந்து, இத்தனை மாதமாகப் பெட்டிக்கு நாலு கொத்து சும்மா போயிருக்கிறது. நமக்கு மிஞ்சுவதே அவ்வளவுதானே! மூடி முட்டிக்கொண்டு நிற்கிறதே, பெட்டி நல்ல நிறைவு என்று நானும் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இதில் களவு எங்கே இருக்கிறது? இருக்கிறது, ஷமீமிடம் இல்லை. அண்ணாச்சிக்குப் போன் போட்டு, சில்லறைக்கு எண்ணி விற்கிற ஆளுக்குப் பெட்டியில் நாலு கூட வருவது தெரியாதா என்று கேட்டேன். "நீங்க பிரியமா கொசுறு போடுதியன்னு இருந்துட்டேன் மதினி" என்றார். கொசுறைத் தின்றுவிட்டு, தின்றது அவள் என்று உன்னிடம் கோள் சொல்லி, நட்டத்தில் ஓடுகிற கம்பெனி என்று அடிமாட்டு விலைக்குக் கேட்க எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்! இனிமேல் உங்களுக்கு ஒரு பெட்டிகூடக் கிடையாது என்று சொல்லிவிட்டேன். அம்பாசமுத்திரம் கடைகளுக்கு நானே பஸ்ஸில் கொண்டுபோய்ப் போடுகிறேன், இந்த வயதில் எதற்கு என்று ஆரம்பிக்காதே. எண்ணுகிற மெஷின் வாங்கு என்றும் எழுதாதே. முதல் கை இனியும் லாபம்தான், அடுத்தது இரண்டு, அவ்வளவுதான் மாற்றம். நீ நல்ல படிப்புப் படித்த பிள்ளை, ஆனால் சரக்குக் குறைந்தால் உடனே ஆளைச் சந்தேகப்படு என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தப் பாடத்தை மட்டும் மறந்துவிடு. எனக்கு அது ரொம்ப வலித்தது.

அனுராதாவுக்கும் உனக்கும் அம்மா அப்பாவின் ஆசிகள், ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். எண்ணெய் தேய்த்துக் குளி. பார்சலில் ஒரு பெட்டி வருகிறது, எண்ணிப் பார், நூற்று நாலு இருக்கும். கணக்கு சரியாகத் தெரிந்த பிறகும், அண்ணனுக்குல்லா போகுது என்று ஷமீம் தானாகப் போட்ட கை அது. நீ அவளைப் பற்றி எழுதியதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நீ. சொல்லிவிட்டு அந்த நாலையும் தின்னு.

இப்படிக்கு,
உன் அம்மா
பிரம்மநாயகி