சிறுகுறிஞ்சான் மென்ற வாய்

ஜூன் 11

இனி இன்சுலின் ஊசிதான் போட வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. முப்பத்தாறு வருஷம் பேங்க்கில் எல்லாரையும் அதட்டிய ராகவேந்திரன், ஊசிக்கு அழுகிறார். பாவமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. பாட்டு கிளாஸ், சமையல், இவர் பயம் — எல்லாம் என் ஒருத்தி தலையில்.

ஜூன் 14

சைதாப்பேட்டை மார்க்கெட்டில் சிறுகுறிஞ்சான் இலை வாங்கினேன். "வெறும் வயித்துல மென்னுக்கினு இருக்கச் சொல்லும்மா. அப்பால சக்கரை துன்னாலும் இனிப்பே தெரியாது" என்றார் கடைக்காரர். வெந்தயம், பாகற்காய், ஆவாரம்பூ எல்லாம் பார்த்தாயிற்று. இதுவும் ஆகட்டும்.

ஜூன் 27

சர்க்கரை 124! மாத்திரையோடு வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்று நான்தான் சொன்னேன். எதற்கு அந்தப் பொய்? போன தடவை பாகற்காய் ஜூஸுக்கே திட்டினார். மறுபடி வாங்கிக்கட்டிக்கொள்ளத் தெம்பில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஏகாதசி. முழுப் பட்டினி. மாத்திரையும் இலையும் ஆகாரத்தில் சேராது என்று இரண்டையும் விடவில்லை. பசித்தபோதெல்லாம் இலையை மென்றிருக்கிறார். பதினோரு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் சொருகி — ஓடிப்போய் வாயில் சர்க்கரையைப் போட்டேன். துப்பிவிட்டார்.

"வாயில மண்ணைப் போடறயேடி!"

இலை மென்ற வாய். அவருக்கு அது மண்தான்.

"சர்க்கரைதான்! முழுங்கித் தொலைங்கோ!" கத்தினேன், அழுதேன். தண்ணீரில் கரைத்துப் புகட்டினேன். பாதிதான் உள்ளே போயிற்று. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது 41.

ஜூலை 7

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "முன்னாடியே சொல்லியிருந்தா மாத்திரையைக் குறைச்சிருப்பேனேம்மா" என்றார். இனி இலையே கூடாது என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 9

வீட்டுக்கு வந்தாயிற்று. "ஊசி போட்டாகணும்னா அது உன்னாலதான்." அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே ஒரு 'இல்லை' சொல்லி இந்த மனுஷனைக் கொன்றிருப்பேன். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஜூலை 13

அசதி. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 21

மறுபடி ஏகாதசி. நாற்பது வருஷத்தில், காய்ச்சலில்கூட, இவர் ஒன்றைக்கூட விட்டதில்லை. சண்டை போடவும் தெம்பில்லை.

எட்டு மணிக்கு அடுக்களை வாசலில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாவு இருக்கா? ரெண்டு இட்லி வார்த்துடு."

வார்த்தேன். எதிரே உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதும் கேட்டு வாங்கிக்கொண்டார்.