அஞ்சு கொடுத்தேன், ஆறு வந்திருக்கு

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம், உன் அப்பா சுகம், ஆறு வருஷமாக வாசலில் நிற்கிற உன் வேனும் இப்போது சுகம். நீயும் மருமகளும் அங்கே அப்படியே சுகமாக இருக்க வேண்டும். வேன் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே, கடைசி வரை படி. போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பரவாயில்லம்மா என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டு வைத்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. அதனால்தான் எழுதுகிறேன். உறைக்குள் ஒரு துண்டுத் துணி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு என்ன ஆச்சு, கந்தலைத் தபாலில் அனுப்புகிறாள் என்று நினைத்திருப்பாய். வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

போன மாதம் நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்து வேன் கண்ணாடியில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டினார். ஓடாத வண்டி தெருவில் நிற்கக் கூடாதாம். இருபத்தொரு நாளில் ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு போய் நசுக்கிவிடுவார்களாம். பேக்கரி ரொட்டி ஏற்றிக் கடை கடையாகப் போட நீ ஆசை ஆசையாக வாங்கிய வண்டி, நாலே மாதத்தில் பாலத்தின் மேல் புகை கக்கி நின்ற வண்டி, அதற்குப் பிறகு நீயும் தொடவில்லை, நானும் தொடவில்லை. எடைக்குப் போடும்மா என்று சொல்லிவிட்டு நீ ஊரை விட்டே போனாய். போடவும் எனக்கு மனசு வரவில்லை, திறந்து பார்க்கவும் வரவில்லை. நோட்டீஸைப் படித்துவிட்டு உன் அப்பா, தொலையட்டும் விடு, சனியன் போகட்டும் என்றார். அன்று சாயங்காலமே கட்டிலுக்கடியில் கிடந்த ஜாக்கியைத் துடைத்து, செருப்பு வைக்கிற இடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார். வாய் ஒன்று சொல்லும், கை ஒன்று செய்யும், அவர் வழக்கம்தானே. பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருஷம் ஸ்பேனர் பிடித்தவள், எத்தனையோ செத்த இன்ஜினை எழுப்பி ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், என் வாசலில் நிற்பதை நசுக்க விடுவேனா. மறுநாளே இறங்கிவிட்டேன்.

ஆனால் டிப்போவில் தலைக்கு மேல் கூரை இருந்தது. இங்கே வானம்தான் கூரை, அதுவும் ஓட்டைக் கூரை. இந்த வருஷ மழையைப் போல நான் பார்த்ததில்லை, விடாமல் பெய்கிறது, கூடவே குளிர்காற்று. நம் பால்கனிக் கம்பியிலிருந்து எதிர் விளக்குக் கம்பம் வரை தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். அது நடுவில் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு நிறைமாத வயிறு மாதிரி தொங்கியது. உன் அப்பா உதவி செய்கிறேன் என்று கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் ஒரு குத்துக் குத்தினார், அவ்வளவும் என் கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கியது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பதினான்காம் நம்பர் ஸ்பேனர் விரல் மரத்துப்போய் நழுவிச் சாக்கடைத் தண்ணீரோடு போயே போய்விட்டது. பிரேக் டிரம் நான்கும் துருவேறி இறுகிக் கிடந்தன, ஒயரை எலி கடித்திருந்தது, டீசல் டாங்கில் சேறு. மழை கொஞ்சம் விட்டால் கையை உள்ளே விடுவேன். உன் அப்பா தெருமுனையில் நின்று மேகத்தைப் பார்ப்பார், வருகிறது என்றால் பழைய கண்டக்டர் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதுவார். ஒரு விசிலுக்கு நிறுத்து, இரண்டுக்குப் போ. ரிட்டையர் ஆகி ஐந்து வருஷம் ஆகியும் அந்த விசிலை அவர் விடவில்லை, சட்டையை மாற்றினாலும் அது பையில் இருக்கும்.

இப்போது துணிக்கு வருகிறேன். மழையில் இன்ஜினைத் திறந்தால் முதல் வேலை, திறந்த வாய்களையெல்லாம் துணியைத் திணித்து மூடுவதுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் செய்த வேலை பாழ். திணிக்கிற துணிக்கு வெளியே வால் தொங்க வேண்டும், அப்போதுதான் திரும்ப மூடும்போது மறக்காது. டிப்போவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. இந்த முறை துணிக் கணக்கை உன் அப்பா எடுத்துக்கொண்டார். பழைய வெள்ளைப் போர்வையைக் கிழித்துக் கூடையில் வைத்துக்கொண்டு, நான் ஒன்று கேட்டால் ஒன்று எடுத்துக் கொடுத்து, பரணில் கிடந்த டிக்கெட் புத்தகத்திலிருந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொள்வார். துணி திரும்பி வந்தால் டிக்கெட்டைக் கசக்கிப் போடுவார். எதிர்வீட்டு நர்ஸ் பார்த்துவிட்டுச் சிரியாய்ச் சிரித்தாள்.

ஒன்பதாவது நாள் இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கடைசி போல்ட் வருகிற நேரத்தில் காற்று தார்ப்பாயின் ஒரு முனையைப் பிய்த்துக்கொண்டு போனது, மழை பக்கவாட்டில் அடித்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஹெட்டைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, இன்ஜினை மூடிக் கட்டினோம். பிறகு அங்கேயே உட்கார்ந்து ஹெட்டில் திணித்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டேன். ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் போகிற குழாயின் வாயில் ஒன்று ஆழமாகப் போயிருந்தது, குறடால் பிடித்து இழுத்தேன். நானே அவசரத்தில் அதிகமாகத் திணித்திருப்பேன் என்று நினைத்தேன். உன் அப்பா எண்ணிப் பார்த்துவிட்டு, அஞ்சு கொடுத்தேன், ஆறு வந்திருக்கு என்றார். வயசாச்சு, கணக்குத் தப்பும் என்றேன். முப்பது வருஷம் கூட்டத்துக்குள்ள நின்னு கணக்குப் பாத்தவன் நான், ஒரு டிக்கெட் தப்பினதில்ல என்று மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது அவருக்கு. ஆறும் ஒரே எண்ணெய்க் கறுப்பு, எது எது என்று தெரியவில்லை. வாளியில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கசக்கினார். ஐந்து வெள்ளையாக வந்தது. ஆறாவது நீலக் கட்டம்.

அது உன் பள்ளிக்கூடச் சட்டை. பார்த்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அதைக் கிழித்தவள் நான். நீ வண்டி வாங்கி வந்த வாரம், தண்ணீர்க் குழாய் வெடித்திருக்கிறது, நானே மாற்றித் தருகிறேன், வெளியில் கொடுக்காதே என்று பெருமையடித்துக்கொண்டு இதே வாசலில் மழையில் மாற்றினேனே, அன்று. பெரிய துணி கைக்கு எட்டவில்லை, சட்டைத் துண்டு ஒன்றைத் திணித்தேன், வால் விடுகிற அளவுக்கு அது நீளமில்லை. மழை வலுத்தது, அவசரமாகப் புதுக் குழாயை மேலே மாட்டி இறுக்கிவிட்டேன். அது ஓர் ஓரமாக நாலு மாதம் கிடந்து, ஊறி, நகர்ந்து, நீ பாலம் ஏறின அன்று வாயை அடைத்திருக்கிறது. சூடு காட்டுற முள் நடுவுலதாம்மா நின்னுச்சு, பாலம் ஏறும்போது ஒரே தூக்காத் தூக்கிருச்சு, பாத்த உடனே நிறுத்திட்டேன் என்று நீ அன்று சொன்னாய். ஒருவரும் நம்பவில்லை. ஒரு முள்ளப் பாக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு வண்டி என்று உன் அப்பா நாலு பேர் காதில் விழக் கேட்டார், நான் பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. மெக்கானிக் நான். அன்றே அந்தக் குழாயைக் கழற்றிப் பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, பழியை நீ சுமந்துகொண்டு போனாய், பாவம் என்னுடையது. என்னை மன்னித்துவிடு கண்ணா. ஊருக்கே வால் விடு வால் விடு என்று பாடம் எடுத்தவள், பெற்ற பிள்ளையின் வண்டியில் விடாமல் போனேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று உன் அப்பா தேற்றப் பார்த்தார். சறுக்கினது யானை, நசுங்கினது அவன் என்றேன். அவர் அந்தத் துணியை மட்டும் இன்னும் மூன்று தரம் அலசிக் காயப் போட்டார்.

மறுநாள் ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். சூட்டில் லேசாக வளைந்திருந்தது. லேத்காரர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஓட்டினவர் யாரும்மா, நல்ல ஆளு, இன்னும் ரெண்டு நிமிஷம் ஓட்டியிருந்தா இன்ஜின் பிளாக்கே வெடிச்சிருக்கும், உடனே நிறுத்தினதாலதான் இது பிழைச்சிருக்கு என்றார். எங்க பையன் என்று உன் அப்பா சொன்னார். ஆறு வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். லேத்காரர் இழைத்துக் கொடுக்கிற வரை பட்டறை வாசலிலேயே நின்றார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

இருபத்தொன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அதிகாரி தூக்கு வண்டியோடு வந்துவிட்டார். அப்போதும் மழைதான். நான் அப்போதுதான் டீசல் குழாயில் காற்றை எடுத்து முடித்திருந்தேன். நர்ஸ் தன் காரின் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தாள். ஏறி உட்கார்ந்தால் எனக்குக் கால் எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுக்கப் போனேன், உன் அப்பா ஓடிவந்து, சீட்டத் தொடாத என்றார். பிறகு எப்படி ஓட்டுவதாம் என்று கேட்டதும் மாடிக்குப் போய்த் தலையணை ஒன்றைக் கொண்டுவந்து என் முதுகுக்குப் பின்னால் வைத்தார். அதிகாரி குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை அதுவும் இல்லை. தூக்கு வண்டிக்காரர் சங்கிலியை இறக்கத் தொடங்கிவிட்டார். மூன்றாவது தடவை தெருவே மறைகிற மாதிரி வெள்ளைப் புகை, அதற்குள்ளிருந்து சத்தம், அப்புறம் நிற்காமல் ஓடியது. பின்னாலிருந்து இரண்டு விசில் கேட்டது. தெருமுனை வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தேன், முள் நடுவைத் தாண்டவில்லை, நான் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அதிகாரி நோட்டீஸைத் தாமே கிழித்தார். வண்டி நின்ற இடத்தில் தரை மட்டும் காய்ந்து வெளுத்துக் கிடந்தது, மழை அதையும் ஒரு நிமிஷத்தில் நனைத்துவிட்டது.

நீ அங்கே போனதிலிருந்து வண்டியே ஓட்டுவதில்லை என்று மருமகள் சொன்னாள். லைசென்ஸைப் புதுப்பிக்கச் சொன்னால் பஸ் இருக்கே என்கிறாயாம். பஸ் நல்லதுதான், அதில்தான் நாங்கள் இரண்டு பேரும் சோறு தின்றோம். ஆனால் பயத்தில் பஸ் ஏறாதே. உன் கண்ணில் குறையில்லை, கையிலும் குறையில்லை. லைசென்ஸுக்கு எழுதிப் போடு. லீவில் வரும்போது ஸ்டேஷனுக்கு வேனை நான் ஓட்டி வருவேன், திரும்பி வரும்போது நீதான் ஓட்ட வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மருமகள் இருமல் போனதா என்று எழுது. துணியை வேண்டுமானால் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடு, பெட்டியில் வைத்துக் காக்க அது ஒன்றும் சொத்தில்லை. நீங்கள் இருவரும் குறைவில்லாமல், நோய்நொடி இல்லாமல், தலை நிமிர்ந்து நீண்ட காலம் வாழ வேண்டும்.

காகிதத்தின் அடியில் இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறேன், உன் அப்பாவுக்கு. எழுதினாலும் எழுதுவார், இல்லாவிட்டால் அது வெற்றிடம்தான். கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு நான் தார்ப்பாயை அவிழ்க்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஊரார் உன்னைத் தப்பாக நினைக்க விட்ட,
உன் அம்மா

முள்ளை நீ பார்த்திருக்கிறாய். சீட்டை நகர்த்தவில்லை, உன் கால் அளவுதான். அப்பா.