ஆயர் ஈத்தாம் வீட்டுக் குடில்

சேசு மரி சூசை

ஆயர் ஈத்தாம், பினாங்கு
1943 டிசம்பர் 18, சனிக்கிழமை

என் அருமை மகன் ஆர்தருக்கு உன் அம்மா சூசையம்மாள் எழுதுவது. இங்கே நான், உன் மனைவி ரீத்தா, அன்னமேரி, சின்னவன் ஹென்றி நால்வரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். சயாமில் ரயில் பாதை போடுகிற காட்டில் நீயும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறாய் என்று, உன்னோடு புண்ணுக்கு மருந்து கட்டுகிற ராமதாஸ் சத்தியம் செய்தான். ஒரு தடவை போதாது என்று மூன்று தடவை செய்ய வைத்தேன். இந்தக் கடிதமும் அவன் கையில்தான் வருகிறது, நாளைக்கு ரயிலேறுமுன் வந்து வாங்கிக்கொள்வான். உனக்குக் கிடைக்கும்போது கிறிஸ்மஸ் முடிந்துகூட இருக்கும்.

மேலே போட்டிருக்கும் தேதியைப் பார்த்து உன் மகள் என்னைக் கோபித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் இதை ஜப்பான்காரர் கணக்குப்படி 2603ஆம் வருஷம் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். "அப்பாயி, யாராச்சும் பாத்தா வம்பு" என்கிறாள். ஆண்டவர் பிறந்தநாளைப் பற்றி எழுதுகிற கடிதத்தில் அவர் பிறந்த கணக்கைப் போடாமல் வேறு எந்தக் கணக்கைப் போடுவது என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஜப்பான் பாஷையில் அவள்தான் வகுப்பில் முதல். தமிழ், இங்கிலீஷ், மலாய் ஏற்கெனவே இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு நாலு பாஷை பேசுகிற பேத்தி. வாத்தியார் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டினாராம். இதை உனக்குக் கட்டாயம் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன், எழுதிவிட்டேன்.

இனி மனதில் இருப்பதை எழுதுகிறேன். நவம்பர் கடைசியில் உன்னை அனுப்பிய ஆபீஸிலிருந்து ஒரு ஆள் வந்து, உன் கணவருக்கு லீவு கிடைத்திருக்கிறது, கிறிஸ்மஸுக்கு வீட்டில் இருப்பார் என்று ரீத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனான். நீ போய் ஆறு மாதம். அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு அவள் தான் சாப்பிட மறந்தாள். மறுநாளே எங்கிருந்தோ சுண்ணாம்பு வாங்கிவந்து முன்சுவருக்கு அடித்தாள். டிசம்பர் ஐந்தாம் தேதி மத்தியானம், தெருமுனையில் டிரெஸ்ஸர் காக்கிச் சட்டை தெரிந்ததும் ஈரக் கையோடு ஓடினாள். வந்தது ராமதாஸ்.

பாவம், அவன் வாசலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. "அக்கா, அண்ணன் நல்லாத்தான் இருக்காரு. இது அவரு பேருக்கு வந்த லீவு. எங்கம்மாவுக்கு முடியலன்னு தெரிஞ்சதும் என்னப் போகச் சொல்லிட்டாரு. கொட்டகையில நாப்பது பேரு புண்ணோட கெடக்காங்க, நான் பாத்துக்கறேன், நீ போடான்னாரு" என்று வெளியே நின்றபடியே சொன்னான். ரீத்தா அவனுக்குக் கால் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவன் கழுவி முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "இங்கயும் நாலு பேரு இருக்கோம்னு நீ ஞாபகப்படுத்தலியா தம்பி?" என்று கேட்டாள்.  

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராமதாஸின் அம்மா மகன் கையால் மூன்று நாள் கஞ்சி குடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள். நான் கெலுகோருக்கு நடந்தே போய்த் துக்கம் விசாரித்தேன். அங்கே அவன் அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எங்கம்மா கண்ணு தேடாமப் போனது உங்க புள்ளயாலதான்" என்றாள். தெரியாத பெண்களெல்லாம் எழுந்து எனக்குப் பாய் விரித்தார்கள். ரீத்தாவின் பேறுகாலத்துக்கு மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று கப்பலேறி வந்தவள் நான். ஹென்றி பிறந்தான், சண்டையும் வந்தது, கப்பல் நின்றது. இரண்டு வருஷமாக இந்த ஊரில் எனக்குப் பெயர் இந்தியாவிலிருந்து வந்த கிழவி. இப்போது ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில்கூட டிரெஸ்ஸர் ஆர்தரைப் பெற்றவள் என்று வழி விடுகிறார்கள். பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு வீடு திரும்புகிற வழியெல்லாம் எனக்குக் கால் வலிக்கவில்லை.

ரீத்தாவும் குறைந்தவள் இல்லை. டவுனில் பிறந்து வளர்ந்த பெண், ஊசியைத் தவிர வேறொன்றும் பிடிக்காத கை என்று உன் கல்யாணத்தின்போது நான் சொன்னது உண்டு. அதே கை வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி மரவள்ளி போட்டிருக்கிறது. அரிசி கிடைக்காத நாட்களில் அதுதான் எங்களுக்குச் சோறு. மிச்ச நேரத்தில் கொசுவலை தைத்துக் கொடுக்கிறாள். ஒருநாள்கூடப் பிள்ளைகளைப் பசியோடு படுக்க விட்டதில்லை.

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கிறிஸ்மஸ் வேலையை அவள் நிறுத்தவில்லை. அத்தாப்பு ஓலையில் குடில் கட்டியாகிவிட்டது. அன்னமேரி இலவம் பஞ்சில் பதினோரு ஆடு செய்தாள். அதில் இரண்டு பூனை மாதிரி இருக்கிறது, நான் சொல்லவில்லை. மூங்கிலைப் பிளந்து நட்சத்திரமும் கட்டினோம். ஆனால் வெளியே வெளிச்சம் தெரியக்கூடாது என்று உத்தரவு, அதனால் அடுப்படியில் தொங்குகிறது. அடுப்படி நட்சத்திரத்தைப் பார்த்து மூன்று ராஜாக்கள் எப்படி வழி கண்டுபிடிப்பார்கள் என்று அன்னமேரி கேட்டதற்கு, "பாஸ் இல்லாம ராஜாவே வந்தாலும் ஜப்பான்காரன் பாலத்துல நிறுத்திருவான்டி" என்றாள் ரீத்தா. நீ போன பிறகு அவள் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இனி என் தப்பு. நானே எழுதிவிடுவது நல்லது.

நம் வீட்டில் குடிலில் பாலன் சேசுவை வைப்பது வீட்டு ஆண்பிள்ளை. உன் தாத்தா வைத்தார், பிறகு உன் அப்பா. அப்பா இறந்த வருஷம், ஒன்பது வயதில், நீ வைத்தாய். அந்த மரப் பாலனைத்தான் நான் பெட்டியில் சேலைக்குள் சுற்றி இங்கே கொண்டுவந்தேன். முதல் வருஷம் குண்டு விழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, டவுனை விட்டு ஓடிவந்து யாருடைய கொட்டகையிலோ இருந்தோம். அப்போதும் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் நீதான் வைத்தாய். இந்த வருஷம் நீ இல்லை. ஆண்பிள்ளை என்று வீட்டில் இருப்பது ஹென்றிதான். இரண்டு வயதுப் பிள்ளை கீழே போட்டுவிடக் கூடாதே என்று போன திங்கட்கிழமை பாலனை அவன் கையில் கொடுத்து, எப்படிப் பிடிப்பது, எப்படி வைக்கோலில் கிடத்துவது என்று பழக்கிக்கொண்டிருந்தேன். அவனும் அழகாகச் செய்தான். ஒரு தடவை முத்தம்கூடக் கொடுத்தான்.

ரீத்தா துணி துவைத்துவிட்டு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "அத்தே, மாமா செத்த வருசந்தானே உங்க மகன் கையில பாலனக் குடுத்தீங்க?" என்றாள். சத்தம் போடவில்லை. அது என் நெஞ்சில் ஏற எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. அப்பன் உயிரோடு இருக்கும்போது மகன் கையில் பாலனைக் கொடுக்கிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது. எனக்குத் தெரியாதா? அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னவளே நான்தானே. பிள்ளை கையிலிருந்து பாலனை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள், இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. சத்தியமாக நான் அப்படி நினைத்துச் செய்யவில்லை ஆர்தர். கோயில் கமிட்டியிலிருந்து யாரையாவது அழைத்து வைக்கச் சொல்லலாமா என்று கேட்டுப் பார்த்தேன். வேற்று ஆள் கை வைக்கக் கூடாது என்றாள்.

வியாழக்கிழமை ராமதாஸ் விடைபெற வந்தான். திரும்பி வருவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவன், போய்த்தானே ஆகவேண்டும். உனக்கு என்ன கொண்டுபோகட்டும் என்று கேட்டான். ரீத்தா உள்ளே போய், ஹென்றியின் பழைய சட்டையில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வைக்கிற ஆளு அங்க இருக்காரு, பாலனும் அங்க போகட்டும். அந்த நாப்பது பேரு கெடக்கிற கொட்டகையிலயே வைக்கட்டும். ஆனா திரும்ப இங்க கொண்டாந்து சேக்கிறது அவரு பொறுப்பு. வேற யாரு கையிலயும் குடுத்தனுப்பக் கூடாதுன்னு எழுதுங்க அத்தே." எழுதிவிட்டேன்.

அறுபது வருஷமாக வீட்டில் இருக்கிற பாலன். கடல் தாண்டி வந்தவரை இனி ரயிலிலும் லோரியிலும் ஏற்றி அந்தக் காட்டுக்கு அனுப்ப எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தபோது, இந்த யோசனை எனக்கு வரவில்லையே, இவளுக்கு வந்ததே என்று தோன்றியது. என் மாமியாருக்கு நான் இப்படி ஒரு மருமகளாக இருந்தேனா என்று தெரியவில்லை.

ராமதாஸ் பொட்டலத்தை வாங்கத் தயங்கினான். "நம்ம சாமி இல்லன்னாலும் சாமிதானே. எடுத்துப் போற நாளெல்லாம் கவிச்சி சாப்பிடாம இருக்கணுமா அக்கா?" என்று கேட்டான். "இந்தக் காலத்துல கவிச்சி எங்க கெடைக்குது உனக்கு, அத மொதல்ல சொல்லு" என்றாள் ரீத்தா. அவனும் சிரித்தான். ஆனாலும் கை கழுவிவிட்டுத்தான் வாங்கினான்.

இங்கே குடிலில் வைக்கோல் மட்டும் இருக்கும். திருநாளன்று வருகிறவர்கள் கேட்பார்களே என்றேன். அதற்கு அன்னமேரி பதில் வைத்திருக்கிறாள். "அப்பாவும் டியூட்டில இருக்காரு, பாலனும் டியூட்டில இருக்காரு" என்று சொல்லப் போகிறாளாம். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரிப்பது வழக்கம். இந்த முறை பிரிக்கப் போவதில்லை. ஓலை காய்ந்தால் புது ஓலை மாற்றிக்கொள்வோம்.

பூசை இந்த வருஷம் ராத்திரியில் கிடையாது. இருபத்தைந்தாம் தேதி விடிந்த பிறகுதான் என்று சுவாமியார் சொல்லிவிட்டார். பலகாரத்துக்கு அரிசி மாவு இல்லை. மரவள்ளி மாவில் முறுக்கு பிழிந்து பார்த்தேன், எண்ணெயில் கரைந்துபோயிற்று. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் காமாரியா இரண்டு தேங்காயும் ஒரு கட்டி மலாக்கா வெல்லமும் கொண்டுவந்து, மரவள்ளியைத் துருவித் தேங்காய்ப்பாலில் கலந்து பிங்கா என்கிற பணியாரம் சுடக் கற்றுக்கொடுத்தாள். அடுத்த ஹரிராயாப் பெருநாளுக்கு நான் அவளுக்கு முறுக்கு சுட்டுத் தர வேண்டுமாம், எண்ணெயில் கரையாத முறுக்கு என்று சொல்லிச் சிரிக்கிறாள். ஒரு துண்டு வாழையிலையில் கட்டி உனக்கும் வைத்திருக்கிறேன். வழியில் கெட்டுவிடும் என்று தோன்றினால் ராமதாஸையே சாப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

மகனே, உன்னைப் பற்றி யார் கேட்டாலும் நான் தலை நிமிர்ந்துதான் பதில் சொல்கிறேன். நீ செய்தது சரி. உன் அப்பா இருந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பார். நானும் சுவாமியாரிடம் சொன்னேன், மீன்காரனிடம்கூடச் சொன்னேன். என் ஆயுசுக்குப் போதுமான பெருமையை நீ கொடுத்துவிட்டாய். இதற்கு மேல் வேண்டாம். மறுபடி உன் பெயரைக் கூப்பிட்டால், பக்கத்துப் பாயில் யார் கிடக்கிறான், எவன் வீட்டில் அம்மா காத்திருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. லோரியில் ஏறு. காத்திருக்கிற அம்மா உனக்கும் ஒருத்தி இருக்கிறாள்.

தேவமாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். கீழே காகிதத்தில் நான் போட்டிருக்கும் சிலுவை உன் நெற்றிக்கு.

✝

உன் அம்மா
சூசையம்மாள்