கிண்ணம் விடாத முறுக்கு

11.5.2003, ஞாயிறு

மாமாவின் கடைசல் பட்டறையில் நான் கடைந்த பலாமரக் கிண்ணத்துக்கு நேற்றுதான் வார்னிஷ் அடித்துக் காயவைத்தேன். இன்று எங்கள் தேவாலயப் பங்குச்சாமி வீட்டுக்கு வந்தபோது அம்மா என்னைக் கேட்காமல் அதில் மூன்று முறுக்கு வைத்துவிட்டாள். சாமி ஒரு முறுக்கை எடுத்தார். கிண்ணமும் கூடவே எழுந்து வந்தது.

"கடையில வாங்குனது சாமி. ஏமாத்திட்டாக" என்றாள் அம்மா.

சாமி முன்னால் இதுவரை வாய் திறக்காதவள் நான். "வாங்கல சாமி. நான் கடைஞ்சது" என்று சொல்லிவிட்டேன்.

சாமி கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு முறுக்கும் விழவில்லை. "பீடத்துக்கு ரெண்டு பூச்சாடி செஞ்சு குடும்மா. காஞ்ச பெறகு கொண்டா."

அவர் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "டிகிரி படிச்ச புள்ள உளி பிடிக்குதுன்னு இனி கோயில்லயே தெரிஞ்சிரும்."

தெரியட்டும். முதலில் அந்த மூன்று முறுக்குகளை உளி வைத்துப் பெயர்த்தெடுக்க வேண்டும்.